பச்சையாக நின்ற மறுதாம்பு: வாடிப்பட்டிப் பக்கம் ஒரு துங்ரோ போகம்

இது ஒரு நிகழ்வு ஆய்வு. துங்ரோ என்பது நெல்லை மஞ்சளாக்கிக் குட்டையாக்கும் வைரஸ் நோய், பச்சைத் தத்துப்பூச்சி என்ற சின்னப் பூச்சி அதைப் பரப்புகிறது. பெரியாறு பிரதான கால்வாயின் ஒரு கிளை வாய்க்காலை நம்பியிருக்கும் சின்ன ஆயக்கட்டில், ஒரே போகத்தில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். ஊர் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். மேலே இருக்கும் மடையில் பாசனம் செய்பவரை மேல்மடைக்காரர் என்றும், கீழே இருப்பவரைக் கீழ்மடைக்காரர் என்றும் சொல்கிறேன். நான் பயிர் நோயியல் படித்துவிட்டு, அந்தப் பக்கத்து விவசாயிகள் குழு ஒன்றுக்கு வயல் பார்த்துச் சொல்லும் வேலை செய்கிறேன். இதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அது எங்கே நடந்ததோ அங்கேயே சொல்கிறேன்.

பின்னணி

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகப் பாசனம், 45,041 ஏக்கர் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். முதல் போகத்துக்கு ஜூனில் வைகை அணையில் தண்ணீர் திறந்தால், ஆயக்கட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே சமயத்தில் நாற்றங்கால், ஒரே சமயத்தில் நடவு, ஒரே சமயத்தில் அறுப்பு என்று போய்விடும். அந்த வருடம் அணையில் இருப்பு இல்லை, திறப்பு ஆகஸ்டுக்குத் தள்ளிப் போய்விட்டது. கிணறு வைத்திருந்தவர்கள் காத்திருக்கவில்லை, ஜூனிலேயே நட்டுவிட்டார்கள். வாய்க்காலை மட்டும் நம்பியவர்களில் சிலர் ஆகஸ்ட் கடைசியில் நட்டார்கள், சிலர் முதல் போகத்தையே விட்டுவிட்டு ஒரே போகமாக நவம்பரில் நடலாம் என்று இருந்துவிட்டார்கள். அதாவது அக்டோபர் மாதம் அந்த ஆயக்கட்டில் நடந்து போனால் ஒரு பக்கம் அறுத்த தாள், ஒரு பக்கம் பொதிப் பயிர், ஒரு பக்கம் நாற்றங்கால், ஒரு பக்கம் தரிசு. பார்க்க அழகாக இருக்கும். பச்சைத் தத்துப்பூச்சிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

மேல்மடைக்காரருக்கு இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். அதில் கிணற்றை ஒட்டிய அறுபது சென்டில் ஜூனில் அம்பை 16 நட்டு, செப்டம்பர் கடைசியில் அறுத்துவிட்டு, தாளை அப்படியே விட்டிருந்தார். தண்ணீர் கசிவு இருந்ததால் அது துளிர்த்து முழங்கால் உயரத்துக்கு மறுதாம்பாக நின்றது. இரண்டு கறவை மாடு வைத்திருக்கிற வீட்டில் அந்தப் பசுந்தாளை யாரும் உழுது அழிக்க மாட்டார்கள், அதில் அவர் மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை. மீதி ஒரு ஏக்கர் எண்பது சென்டுக்கு இரண்டாம் போகம் பி.பி.டி. 5204, ஊரில் ஆந்திரா பொன்னி என்பார்கள். நாற்றங்கால் போட்ட இடம் மோட்டார் ரூம் பக்கத்தில், மறுதாம்பிலிருந்து ஒரு வரப்பு தள்ளி. மோட்டார் ஒயரை வெட்டிக்கொண்டு போகிற திருட்டு அந்தப் பக்கம் அதிகம் என்பதால் ராத்திரி முழுக்க அங்கே ஒரு பெரிய பல்பு எரியும். அக்டோபர் 6 விதைப்பு, நவம்பர் 1, 2 தேதிகளில் நடவு.

கீழ்மடைக்காரர் வயல் வாய்க்காலுக்கு எதிர்க்கரையில், சுமார் 400 மீட்டர் கீழே. ஒரு ஏக்கர் பத்து சென்ட். அவரும் பி.பி.டி.தான், நவம்பர் 12ல் நட்டார்.

முதல் அறிகுறியும் முதல் மருந்தும்

நவம்பர் 18ம் தேதி, நட்ட 17ம் நாள், மேல்மடைக்காரர் வயலில் வடகிழக்கு மூலையில் கொஞ்சம் மஞ்சள். அவர் இரண்டு தூரைப் பிடுங்கிக்கொண்டு உரக்கடைக்குப் போயிருக்கிறார். கடையில் துத்தநாகப் பற்றாக்குறை என்று சொல்லி ஜிங்க் சல்பேட்டும், கூடவே யூரியாவும், "பூச்சிக்கும் சேர்த்து அடிச்சிருங்க" என்று ஒரு சைபர்மெத்ரின் கலவையும் கொடுத்தார்கள். கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. மஞ்சள் அடித்த நெல்லைக் கையில் வைத்துப் பார்த்தால் பத்துக்கு எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள், அந்த மண்ணில் துத்தநாகக் குறையும் உண்மையிலேயே உண்டு.

ஆனால் அந்த மூன்றும் சேர்ந்து செய்த வேலை மோசமானது. யூரியா விழுந்ததும் சுற்றியிருந்த நல்ல பயிர் கரும்பச்சையாக, மெத்தென்று ஆனது. தத்துப்பூச்சிக்கு அப்படிப்பட்ட பயிர்தான் பிடிக்கும். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் முதலில் கொல்லும். தத்துப்பூச்சியும் புகையானும் சில நாளில் திரும்பிப் பெருகும், அவற்றைத் தின்ன ஆள் இருக்காது.

வயலில் பார்த்தது

நவம்பர் 29 காலை என்னைக் கூப்பிட்டார்கள். போகும்போது மனதில் இரண்டு கேள்விதான்: இது சத்துக்குறையா, நோயா?

நிறம். துத்தநாகக் குறையில் இளம் இலையின் அடிப்பகுதி நடுநரம்பு வெளிறும், கீழ் இலைகளில் பழுப்புத் துரு பரவும், பள்ளமான இடத்தில் வயல் ஒரே சீராகப் பாதிக்கும். இங்கே மஞ்சள் இலை நுனியில் ஆரம்பித்துக் கீழே இறங்கியிருந்தது. வெறும் மஞ்சளும் இல்லை, பழுத்த ஆரஞ்சுத் தோல் நிறம். அதன் மேல் பொடியான துருப் புள்ளிகள். பாதித்த தூர் பக்கத்துத் தூரைவிட ஒரு சாண் குட்டை, தூர் கட்டுவதும் குறைவு.

வேர். ஐந்து தூர் பிடுங்கி வாய்க்காலில் அலசிப் பார்த்தோம். வெள்ளையாக, திடமாக இருந்தது. முட்டை அழுகின நாற்றம் இல்லை, கறுப்பு இல்லை. மண்ணில் கோளாறு என்றால் வேர் முதலில் காட்டிக் கொடுக்கும்.

பரவல். இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மஞ்சள் பள்ளத்தைப் பின்பற்றவில்லை, தண்ணீர் பாயும் திசையையும் பின்பற்றவில்லை. மறுதாம்பு இருந்த மூலையில் அடர்த்தி, அங்கிருந்து தள்ளத் தள்ள திட்டுத் திட்டாகச் சிதறல். நடுநடுவே ஒற்றைத் தூர் மட்டும் மஞ்சளாக, சுற்றி எட்டும் பச்சையாக. உரக்குறை இப்படித் தூர் தூராகத் தேர்ந்தெடுத்து வராது, பூச்சி உட்கார்ந்து எழுந்த தடம்தான் இப்படி இருக்கும்.

பூச்சி. தூரைக் கையால் தட்டி, தண்ணீரில் விழுகிறதை எண்ணினோம். குறுக்கே நடந்து இருபது தூர், சராசரி மூன்று. மற்ற இடத்தில் தூருக்கு ஐந்து வரை பொறுக்கலாம் என்பார்கள், துங்ரோ வரக்கூடிய இடத்தில் தூருக்கு இரண்டு இருந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது பரிந்துரை. ஒரு ஆண் பூச்சியைக் கையில் பிடித்து மேல்மடைக்காரருக்குக் காட்டினேன். அரிசி மணியைவிடச் சின்னது, பளிச்சென்ற இளம்பச்சை, இறக்கை நுனி மை தொட்ட மாதிரிக் கறுப்பு, தொட்டால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகரும். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதா? இது லைட்டுல வந்து விழுறதுதானே தம்பி, தெனம் காலைல மோட்டார் ரூம்ல கூட்டித் தள்ளுறோம்" என்றார். எனக்கு அந்த ஒரு வரியில் பாதிக் கதை விளங்கிவிட்டது. நாற்றங்கால் அந்த பல்பின் அடியில்தான் இருபத்தாறு நாள் நின்றது.

அயோடின் சோதனை

மறுநாள் விடியற்காலை, ஆறு மணிக்கு முன்னால், அயோடின் சோதனை. 100 மில்லி தண்ணீரில் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 2 கிராம் அயோடின். இலை நுனியில் பத்து சென்டிமீட்டர் வெட்டி, வெட்டின பக்கத்தைக் கரைசலில் கால் மணி நேரம் வைத்து, அப்புறம் தண்ணீரில் அலச வேண்டும். நல்ல பயிர் பகலில் சேர்த்த மாவுச்சத்தை ராத்திரியில் இலையிலிருந்து இறக்கிவிடும், துங்ரோ வந்த இலையில் அது இறங்காமல் தேங்கி நிற்கும். அயோடின் பட்டால் தேங்கின மாவு கருநீலமாகிறது, அவ்வளவுதான் இதன் சூட்சுமம். விடிந்து வெயில் ஏறினால் எல்லா இலையிலும் மாவு சேர ஆரம்பித்துவிடும், சோதனை ஏமாற்றும்.

ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் பத்து இலை வைத்தோம். மஞ்சள் இலை ஆறில் ஐந்து, மை கொட்டின மாதிரிக் கோடு கோடாகக் கருநீலம். பச்சை இலை நான்கிலும் ஒன்றுமில்லை. மேல்மடைக்காரர் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இவ்வளவு நாளா உரமாப் போட்டீங்களே, அதுக்கு முன்னாடி இதச் செஞ்சிருக்கலாம்ல" என்று அவரைக் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை.

ஏன் இரண்டு வைரஸ் என்று தெரிந்திருக்க வேண்டும்

கொஞ்சம் நிறுத்தி இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

துங்ரோ என்பது பிலிப்பைன்ஸின் இலோகானோ மொழிச் சொல், வளர்ச்சி குன்றிப் போவதைக் குறிப்பது. பச்சைத் தத்துப்பூச்சிதான் இதைப் பரப்புகிறது என்பது 1965ல் அங்கே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நிரூபிக்கப்பட்டது. இதில் ஒன்றல்ல, இரண்டு வைரஸ் இருக்கிறது என்று தெரிய இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. ஒன்று குச்சி வடிவம், டி.என்.ஏ. மரபுப்பொருள், சுமார் 8,000 மரபெழுத்து (மரபுப்பொருளை அளக்கும் அலகு) நீளம். மற்றது உருண்டை, ஆர்.என்.ஏ. மரபுப்பொருள், சுமார் 12,000 எழுத்து. மஞ்சளும் குட்டையும் வருவது பெரும்பாலும் குச்சி வைரஸால். ஆனால் குச்சி வைரஸ் தனியாகப் பூச்சியில் ஏற முடியாது. பூச்சி முதலில் உருண்டை வைரஸ் இருக்கும் செடியில் உறிஞ்சியிருந்தால்தான் குச்சியைத் தூக்கிக்கொண்டு போகும். உருண்டையோ தனியாகவே பயணம் போகும், தனியாக ஒரு செடியில் இருந்தால் கிட்டத்தட்ட எந்த அடையாளமும் காட்டாது.

ஆகவே ஒரு வயல் செழிப்பாகப் பச்சையாக நிற்கும், உள்ளே உருண்டை வைரஸ் நிறைந்திருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பக்கத்தில் எங்கேயோ குச்சி வைரஸ் உள்ள நான்கு தூர் இருந்தால் போதும்.

பூச்சி வைரஸை வாழ்நாள் முழுக்க வைத்திருக்காது. சில நிமிடம் உறிஞ்சினால் பிடித்துக்கொள்ளும், நான்கைந்து நாளில் தீர்ந்துவிடும், தோல் உரித்தால் போய்விடும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகாது. திரும்பத் திரும்ப நோயுள்ள செடிக்குப் போய் நிரப்பிக்கொண்டால்தான் பரப்ப முடியும். அதனால்தான் துங்ரோவில் பூச்சியின் எண்ணிக்கையைவிட, நோயுள்ள செடி பக்கத்தில் எங்கே உயிரோடு இருக்கிறது என்பது பெரிய கேள்வி.

எடுத்த முடிவுகள், அதில் என் தப்பு

நவம்பர் 30 காலை மூன்று முடிவு எடுத்தோம்.

மஞ்சள் தூரைப் பிடுங்க வேண்டாம் என்றேன். ஆறில் ஒரு தூர் ஏற்கனவே மஞ்சள், தொற்றிய பின் மஞ்சள் தெரிய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும், அப்படியானால் பச்சையாக நிற்பதிலும் எத்தனையோ தொற்றியிருக்கும். பிடுங்கினால் ஆள்கூலிதான் நஷ்டம். இந்த முடிவு சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஐந்து பத்துத் தூர் மட்டும் தெரிந்திருந்த முதல் வாரமாக இருந்திருந்தால் பிடுங்கி மிதித்துப் புதைக்கச் சொல்லியிருப்பேன்.

யூரியாவை நிறுத்தச் சொன்னேன். அதுவும் சரி.

மறுதாம்பை உடனே அழிக்கச் சொன்னேன். இங்கேதான் தப்பு. "இன்னைக்கே அறுத்திருங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டேன். அவரும் மதியத்துக்குள் புல் அறுக்கும் மிஷின் வைத்து அறுபது சென்டையும் மொட்டையாக்கிவிட்டார். அந்த மறுதாம்பில் இருந்த பூச்சி எங்கே போகும்? மறுநாள் காலை அதை ஒட்டிய ஓரத்து வரிசைகளில் எண்ணினால் தூருக்குப் பதினொன்று. 29ம் தேதி வயல் சராசரி மூன்று. முதலில் மறுதாம்புக்கு மருந்து அடித்துப் பூச்சியைக் குறைத்துவிட்டு, அப்புறம் அறுத்து, அன்றே தண்ணீர் கட்டி உழுதிருக்க வேண்டும். வரிசை மாறிப் போனது. நோய்க் கிடங்கை அழிக்கிற அவசரத்தில் கிடங்கில் இருந்ததை எல்லாம் நானே பக்கத்து வயலுக்கு விரட்டிவிட்டேன்.

டிசம்பர் 2ல் பயிருக்குத் தயாமெத்தாக்சம் 25 சதக் குருணை, ஏக்கருக்கு 40 கிராம், தூர் நனைகிற மாதிரி அடித்தோம். எண்ணிக்கை இறங்கியது. ஆனால் 10ம் தேதி தொடங்கி 16ம் தேதிக்குள் அந்த ஓரத்தில் ஒரு பட்டையாகப் புது மஞ்சள் வந்தது. ஒன்பது வரிசை. அதில் இருக்கிற நெல் என் கணக்கில் போன நெல்.

நவம்பர் 30 விடியற்காலையே பதினான்கு இலை மாதிரி எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட சின்ன டப்பாக்களில் காயவைத்து, ஆய்வகத்தில் வேலை செய்யும் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். பத்து மாதிரி மேல்மடைக்காரர் வயலிலிருந்து, ஆறு மஞ்சள், நான்கு பச்சை. நான்கு மாதிரி மறுதாம்பிலிருந்து, அவர் அறுக்கும் முன் எடுத்தது, எல்லாம் பார்வைக்குப் பச்சை.

சண்டை

டிசம்பர் 3ல் கீழ்மடைக்காரர் வயலும் மஞ்சள் என்று போன் வந்தது. அங்கேயும் விடியற்காலை போய் அயோடின் வைத்தோம், அங்கேயும் கருநீலம். மூன்று மாதிரி கூடுதலாக அனுப்பினேன்.

அவருக்கு விஷயம் தெளிவாக இருந்தது. மேல்மடைக்காரர் மறுதாம்பை வளர்த்து வைத்திருந்தார், நவம்பர் 30ல் அறுத்துப் பூச்சியை எல்லாம் கீழே துரத்திவிட்டார், மூன்றே நாளில் தன் வயல் மஞ்சளாகிவிட்டது. 14ம் தேதி வாய்க்கால் கூட்டத்தில் நஷ்டஈடாகப் பத்து மூடை நெல் கேட்டார். அவர் வயசில் மூத்தவர், மேல்மடைக்காரருக்கு மாமன் முறை. "ஏம்ப்பா மாப்ள, உன் மாட்டுக்குப் புல்லு வேணும்ங்கிறதுக்காக என் வீட்டு அடுப்பை அணைச்சிட்டியே" என்று கூட்டத்தில் கேட்டது மேல்மடைக்காரரை ரொம்பப் பாதித்துவிட்டது. அன்றைக்கு அவர் எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அறுக்கச் சொன்னது நான். அதை அந்தக் கூட்டத்திலேயே சொன்னேன்.

கூடவே ஒரு கணக்கையும் சொன்னேன். 30ல் கிளம்பின பூச்சி அன்றைக்கே தொற்றவைத்திருந்தாலும் மஞ்சள் தெரிய ஆறு நாளாவது வேண்டும். 3ம் தேதி தெரிந்த மஞ்சள் அதற்கு முன்பே வந்த தொற்று. யாரும் கேட்கிற மனநிலையில் இல்லை. சோதனை முடிவு வரட்டும் என்று கூட்டத்தை முடித்தார்கள்.

ஆய்வக முடிவு

ஜனவரி முதல் வாரம் வந்தது. பி.சி.ஆர். முறையில் இரண்டு வைரஸையும் தனித்தனியாகத் தேடியிருந்தார்கள்.

மேல்மடை மஞ்சள் இலை ஆறில் ஐந்தில் இரண்டு வைரஸும். ஒன்றில் குச்சி மட்டும். அயோடினில் நீலம் காட்டாத இலை அந்த ஒன்றுதான், அதன் மஞ்சளும் லேசாகவே இருந்தது. மேல்மடைப் பச்சை நான்கில் ஒன்றில் உருண்டை மட்டும். மறுதாம்புப் பச்சை நான்கில் இரண்டில் உருண்டை மட்டும், ஒன்றில் இரண்டுமே, ஒன்று சுத்தம். பச்சையாக நின்ற மறுதாம்பில் நான்குக்கு மூன்று தொற்று! மாடு தின்கிற மாதிரிப் பசேலென்று நின்ற தாள். கண்ணால் பார்த்து இதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது, அயோடினும் சொல்லாது.

அடுத்தது மரபெழுத்து. மறுதாம்பிலிருந்து ஒன்று, மேல்மடைப் பயிரிலிருந்து ஒன்று, கீழ்மடைப் பயிரிலிருந்து ஒன்று, மூன்று மாதிரியில் குச்சி வைரஸின் ஒரு துண்டைப் படித்திருந்தார்கள்.

உலகத்தில் இந்தக் குச்சி வைரஸ் பெரிய இரண்டு கிளையாகப் பிரிந்து கிடக்கிறது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் தென்கிழக்காசியக் கிளை. முதன்முதலாக 1991ல் முழுசாகப் படிக்கப்பட்டது பிலிப்பைன்ஸ் வைரஸ்தான். இந்தியா, வங்கதேசம் பக்கம் தெற்காசியக் கிளை. தென்கிழக்காசியக் கிளையோடு ஒப்பிட்டால், நம் பக்கத்துக் கிளையில் மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் 64 எழுத்து விட்டுப்போயிருக்கிறது. இந்த வைரஸ் தன்னைப் பெருக்கும்போது டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்குப் போய், திரும்ப டி.என்.ஏ.வாக நகலெடுக்கிறது, அந்தத் திரும்பும் படியில் எழுத்துப் பிழை விழ நிறைய வாய்ப்பு. அதனால் ஒரே கிளைக்குள்ளும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். உருண்டை வைரஸ் அந்த அளவுக்கு மாறாது.

மூன்றும் தெற்காசியக் கிளைதான், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் மறுதாம்பும் மேல்மடைப் பயிரும் படித்த துண்டில் எழுத்துக்கு எழுத்து ஒன்று. கீழ்மடை வைரஸ் அவற்றிலிருந்து ஒன்பது இடத்தில் வேறு.

மூன்று மாதிரியையும் ஒரு சின்னத் துண்டையும் வைத்து யார்மீதும் தீர்ப்பு எழுத முடியாது. ஒரே வயலிலேயே இரண்டு வகை கலந்து இருக்கலாம், நான் எடுத்த இலையில் ஒன்று மட்டும் மாட்டியிருக்கலாம். ஆனால் ஒன்றரை மாதத்துக்குள், 400 மீட்டருக்குள், ஒரே இடத்திலிருந்து பறந்து வந்த வைரஸ் ஒன்பது எழுத்து மாறியிருக்கும் என்பதைவிட, அது வேறெங்கிருந்தோ வந்தது என்பதே நம்பத் தகுந்தது. இதைக் கீழ்மடைக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எழுத்தை எழுதிக் காட்டி, நிதானமாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"நாத்து நான் விட்டது இல்ல தம்பி. என் நாத்து மழையில முங்கிப் போச்சு. அலங்காநல்லூர் பக்கம் ஒருத்தர்ட்ட மிச்ச நாத்து இருந்துச்சு, லோடு ஆட்டோல ஏத்திட்டு வந்தேன். நட்டு ரெண்டு வாரத்துலயே லேசா மஞ்சள் தெரிஞ்சது. நட்ட வாட்டம்னு விட்டுட்டேன்."

நவம்பர் 26 வாக்கில் என்று கணக்கிட்டோம். அதாவது மேல்மடைக்காரர் மறுதாம்பை அறுப்பதற்கு நான்கு நாள் முன்பே. நாற்றிலேயே வந்திருக்கலாம் என்பதுதான் எங்கள் இருவருக்கும் பொருத்தமாகப் பட்டது. நான் முதல் நாளே "நாற்று எங்கே வாங்கினீங்க" என்று கேட்டிருந்தால் அந்தக் கூட்டமே நடந்திருக்காது. வயலைப் பார்க்கிற படிவத்தில் அந்தக் கேள்வி அப்போது இல்லை.

மறுநாள் அவரே மேல்மடைக்காரர் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மூடைப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

விளைச்சல்

மேல்மடைக்காரருக்கு ஏக்கருக்கு வழக்கமாக 32 மூடை, அந்தப் போகம் 17. கீழ்மடைக்காரருக்கு ஒன்பதுதான், அதிலும் பதர் நிறைய, தொண்டையை விட்டு வெளியே வராத கதிர் நிறைய. நாற்றிலேயே தொற்றினால் இப்படித்தான் ஆகும், இளம் பயிரில் வந்தால் நஷ்டம் அதிகம். பக்கத்தில் இருந்த ஒரு ஆகஸ்ட் நடவு வயலில் நட்டு 60 நாளுக்குப் பிறகே மஞ்சள் எட்டிப் பார்த்தது, அவர் 28 மூடை எடுத்துவிட்டார்.

அடுத்த போகத்துக்கு என்ன ரகம்

எல்லாரும் கேட்டது இதுதான்: துங்ரோ தாங்குகிற ரகம் சொல்லுங்க. விக்ரமார்யா போன்ற சில ரகங்கள் தாங்கும் என்று வெளியிடப்பட்டவைதான். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரே பெயரில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாங்கும் என்று சொல்லப்படும் பல ரகங்கள் வைரஸைத் தாங்குவதில்லை, தத்துப்பூச்சியை உட்காரவிடாமல் செய்கின்றன, அவ்வளவுதான். அதே ரகத்தைத் திரும்பத் திரும்பப் பெரிய பரப்பில் நட்டால் பூச்சி அதற்குப் பழகிவிடும். ஐ.ஆர். 64 போன்ற ரகங்களுக்குத் தென்கிழக்காசியாவில் அதுதான் நடந்தது. வைரஸையே தடுக்கிற ரகம் என்றாலும், எந்தக் கிளை வைரஸுக்கு எதிராகச் சோதித்தார்கள் என்று பார்க்க வேண்டும். அங்கே நின்று காட்டினது இங்கே நிற்கும் என்று கண்ணை மூடி நம்ப முடியாது.

அதனால் ரகத்தை மாற்றுவதைவிட நாளை மாற்றுவதில் கவனம் வைத்தோம். பாசனச் சங்கத்தில் பேசி, கிணறு உள்ளவர் இல்லாதவர் எல்லாரும் இரண்டு வாரத்துக்குள் நட்டு முடிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். நாற்றங்கால் எல்லாம் மோட்டார் ரூம் வெளிச்சத்திலிருந்து தள்ளி, ஒரே மேட்டில். 20 சென்ட் நாற்றங்காலுக்கு 12.5 கிலோ வேப்பம் புண்ணாக்கு. விதைப்புக்கு முன்பே மறுதாம்பு எல்லாம் உழுதாக வேண்டும். வெளியூர் நாற்று வாங்கினால் சொல்லிவிட்டு வாங்க வேண்டும்.

மறுதாம்பை உழுவதுதான் பெரிய தடையாக இருந்தது, மாடு வைத்திருப்பவர்களுக்கு அது வெறும் தாள் இல்லை, மூன்று மாதத் தீவனம். ஆறு வீட்டுக்குக் கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லின் கரணை வாங்கிக் கொடுத்து வாய்க்கால் ஓரத்தில் ஊன்றினார்கள். ஒரு வீடு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, அவர் தாள் அப்படியே நின்றது.

அடுத்த வருடம் துங்ரோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தது. இதை நாங்கள் செய்ததன் பலன் என்று முழுசாக எழுத முடியவில்லை, ஏனென்றால் அந்த வருடம் தண்ணீரும் ஜூனிலேயே திறந்துவிட்டார்கள், பூச்சியும் பொதுவாகவே குறைவு.

இப்போது மாற்றிக்கொண்டவை

படிவத்தில் முதல் கேள்வி: நாற்று யாருடையது, எங்கே நின்றது, பக்கத்தில் விளக்கு உண்டா? இரண்டாவது: சுற்றி 500 மீட்டரில் மறுதாம்பு எங்கே? பச்சையாக இருந்தாலும் வரைபடத்தில் குறிக்கிறேன். மறுதாம்பை அழிக்கச் சொல்லும்போது மருந்து, ஒரு நாள் இடைவெளி, அறுப்பு, அன்றே தண்ணீர் கட்டி உழவு என்ற வரிசையைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வயலை விட்டு வருகிறேன். மாதிரி எடுத்தால் பச்சை இலையும் கட்டாயம் எடுக்கிறேன்.

கீழ்மடைக்காரர் வைரஸ் எங்கிருந்து வந்தது என்பது முடியவில்லை. அலங்காநல்லூர் பக்கம் நாற்று கொடுத்தவர் வயலில் அதற்குள் வாழை வந்துவிட்டது, எடுக்க நெல் இல்லை. போன மாதம் கீழ்மடைக்காரர் ஒரு மாத்திரை டப்பாவில் வறுத்த அரிசி போட்டு, அதற்குள் நான்கு இலைத் துண்டைச் செருகி, மேலே ஒட்டின காகிதத்தில் தேதியும் "அலங்காநல்லூர், வரப்போர மறுதாம்பு, பச்சை" என்றும் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். உறவுக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில் பறித்தாராம். அது இப்போது ஆய்வகத்தில் இருக்கிறது.